இடப்பக்கத்து இருக்கை

1

உட்காரக் கூடாத இடத்தில் உட்கார்ந்ததால் கிடைத்த கதை இது. முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பிறகு யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை.

நான் ஞானேஸ்வரி. கண்டியில் இருபத்து மூன்று வருடமாக வாகனம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். வங்கி மேனேஜர்கள், புது மருமகள்கள், ஓய்வு பெற்ற ஒரு நீதிபதி கூட என்னிடம் திட்டு வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் வலப்பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள், நான் இடப்பக்கத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பேன். என் தொழிலே இடப்பக்கத்து இருக்கைதான். அதைப் பற்றி எழுத என்னை விடத் தகுதியான ஆள் இந்த மாவட்டத்தில் இல்லை.

சென்ற மாதம் கொழும்பில் வாகனப் பத்திரிகை நடத்தும் ஒரு தம்பி போன் செய்தார். "அறுநூறு சொல்லு போதும் மிஸ். கிராண்ட் டூரர்னா என்ன, அசல் ஸ்போர்ட்ஸ் கார்னா என்ன, ரெண்டையும் பிரிக்கிறது எது. படிக்கிறவங்களுக்கு விளங்கணும்." ஒரே பிற்பகலில் எழுதி முடித்தேன். அனுப்புவதற்கு முன், பயிற்சிக் காரின் கிழிந்த சீட்டைத் தைக்கக் கொடுக்க, கண்டிக்குப் பக்கத்து ஊரான திகனவுக்குப் போனேன். (மாணவர்கள் பயந்தால் நகத்தால் சீட்டைக் கீறுவார்கள். நீதிபதியும் கீறினார்.)

திகனவில் ஹிதாயா குஷன் கடை வைத்திருக்கிறார். வாகன இருக்கைகளுக்கு உறை தைக்கிற கடை. அவருடைய வாப்பா தொடங்கியது. அவர் அளவெடுத்து முடிக்கும்வரை நிற்கச் சோம்பல்பட்டு, மூலையில் துணி போர்த்திக் கிடந்த ஒற்றை சீட்டின் துணியை விலக்கி உட்கார்ந்தேன். சிவப்பு ரெக்சின். இரண்டு நிமிடம் இருக்கும். நல்ல சீட், முதுகைத் தாங்கிப் பிடித்தது.

ஹிதாயா திரும்பிப் பார்த்தார். "டீச்சர், அதுல இருக்க வாணாம். அது அமானிதம்."

ஒருவர் நம்மை நம்பி ஒப்படைத்துப் போன பொருளுக்கு அமானிதம் என்று பெயர். காத்து வைக்கலாம், பாவிக்கக் கூடாது. உரியவர் கேட்டு வரும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் எழுந்துகொண்டேன். யாருடையது என்று கேட்டேன்.

"வெச்சிட்டுப் போனவரு வரவே இல்ல. ஐம்பது வருஷத்துக்கு மேல ஆச்சி. தெச்சி முடிச்ச நாள்ல இருந்து அதுல ஒருத்தரும் இருந்ததில்ல." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தார்: "இன்டைக்கு நீங்கதான்."

என் அறுநூறு சொல் அந்த இடத்திலேயே செத்துப்போனது.

2

ஹிதாயாவின் வாப்பாவும் உம்மாவும் அவரிடம் சொல்லி, அவர் என்னிடம் சொன்னதையெல்லாம் சலித்துப் பார்த்தால் உறுதியாக நிற்பது கொஞ்சம்தான்.

1970 பெப்ரவரி, ஒரு சனிக்கிழமை காலை. கண்டியில் கராஜ் வைத்திருந்த ஒருவர் இரண்டு கதவு வைத்த நீள மூக்குக் காரில் வந்தார். இடப்பக்கத்து சீட்டைக் கழற்றி வாப்பாவிடம் கொடுத்தார். பழைய தோல் வெடித்திருந்தது. "சிவப்பு ரெக்சின் போடுங்க நானா. இதுல ஒருத்தவங்க உக்காரணும். நல்லாத் தைங்க," என்றார். (நானா என்றால் அண்ணன்.) மறுநாள் ஹுன்னஸ்கிரியவில் தோட்ட ரோட்டில் கார்களின் மலையேற்றப் போட்டி. பாரம் குறைந்தால் நல்லது, திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார். வாப்பா சீட்டின் அடிப்பலகையில் சோக்கட்டியால் எழுதினார்: அழகமுத்து, கண்டி, திங்கள். கவிழ்த்துப் பார்த்தேன், எழுத்து இன்னும் இருக்கிறது.

ஞாயிறு பிற்பகல், அஸர் தொழுகைக்குப் பிறகு, உம்மா கடை வாசலில் நின்றபோது அதே கார் ஹுன்னஸ்கிரியவிலிருந்து இறங்கும் தெல்தெனிய ரோட்டில் வந்தது. (அந்த ரோட்டின் ஒரு துண்டு இன்று விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு அடியில். கதைக்கு அது வேண்டாம். தேடிப் போகிறவர்கள் ஏமாறக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.) சீட் இருந்த இடத்தில் ஒரு தகரப்பெட்டி. பெட்டி மேல் ஒரு பெண். தலை இடிக்காமல் குனிந்து, ஒரு கையைக் கூரையில் ஊன்றியிருந்தாள். கடைக்கு முன்னால் கார் மெதுவானது. நிற்கவில்லை. கண்டிப் பக்கம் போய்விட்டது.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து வாப்பா கண்டிக்குப் போய் விசாரித்தார். கராஜ் வேறு ஆளிடம் கைமாறியிருந்தது.

2018 மார்ச்சில், முஸ்லிம்களின் கடைகளுக்குத் தீ வைத்த கலவரத்தில், கடை எரிந்தது. ஹிதாயா வெளியே இழுத்துப் போட முடிந்த பொருட்கள் இரண்டு: தையல் மெசினும் இந்த சீட்டும். மெசின் தன்னுடையது, சீட் அடுத்தவருடையது; அதனால் சீட்டைத்தான் முதலில் இழுத்தாராம். அதன் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ரெக்சின் உருகியிருக்கிறது. இதை அவர் அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

இதற்கு மேல் நடந்ததாக வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

3

செத்த கட்டுரையிலிருந்து நல்ல பாகங்களைக் கழற்றி இங்கே பூட்டுகிறேன். மெக்கானிக்குகள் செய்கிற வேலைதான்.

ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுகிறவருக்காகச் செய்தது. எடை குறைவு, இறுக்கமான ஸ்பிரிங், தொட்டால் திரும்பும் ஸ்டியரிங். ரோட்டில் கிடக்கிற ஒவ்வொரு கல்லையும் உங்கள் இடுப்புக்குச் சொல்லிக்கொண்டே போகும். வளைவுதான் அதற்கு வீடு. பெரும்பாலும் கான்வஸ் கூரை. மழை பெய்தால் அது உங்கள் பாடு. பெட்டி வைக்க இடம் கேட்பவருக்கு அந்தக் காரில் வேலையில்லை.

கிராண்ட் டூரர் தூரத்துக்காகச் செய்தது. பெரிய எஞ்சின், நீளமான கியர், நிறையப் பெற்றோல் கொள்ளும் தாங்கி, நிலையான கூரை, இரண்டு நல்ல இருக்கைகள், பின்னால் பெட்டிகளுக்கு இடம். வேகத்தில் குறைச்சல் இல்லை. ஆனால் அந்த வேகம் எதற்கு என்றால், இரண்டு பேரை நானூறு மைல் தள்ளிக் கொண்டுபோய், இடுப்பு வலிக்காமல் இறக்கிவிடுவதற்கு.

குதிரைச்சக்தியை வைத்து இரண்டையும் பிரிக்கிறவர்களை நம்பாதீர்கள். கதவுகளை எண்ணுகிறவர்களையும்தான். நான் ஒன்றே ஒன்று கேட்பேன்: பக்கத்தில் ஒரு ஆள் ஏறினால் அந்தக் கார் கெட்டுப்போகிறதா, சரியாகிறதா? கெட்டுப்போனால் ஸ்போர்ட்ஸ் கார். சரியானால் கிராண்ட் டூரர்.

(தம்பி, இந்தப் பத்தி உங்கள் அறுநூறில் இல்லை. தெரியும்.)

இந்தத் தீவில் நானூறு மைல் நேராக ஓட இடம் ஏது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கிராண்ட் டூரர் வைத்திருந்த துரைமார் கண்டிக்கும் கொழும்புக்குமாக ஓட்டிவிட்டு நெடும்பயணம் போன மாதிரி இறங்கினார்கள். 1970இல் கண்டியிலிருந்து ஒருவர் பெட்டி கட்டிப் போகக்கூடிய உண்மையான நெடும்பயணம் ஒன்றுதான் இருந்தது: கோச்சி என்கிற ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். அதில் போனவர்களில் பெரும்பாலானோரை யாரும் விருப்பம் கேட்கவில்லை.

4

தொடக்கம் ஒன்று: "மலைமேல் பனி இறங்கிக்கொண்டிருந்த அந்த—"

இல்லை. மலையகம் என்றால் பனி இறங்கியே ஆக வேண்டுமா? பெப்ரவரி, பகல் இரண்டு மணி, மண்டையைப் பிளக்கும் வெயில்.

தொடக்கம் இரண்டு: "ஆறு சிலிண்டர், இரட்டைக் கார்ப்புரேட்டர் கொண்ட அந்த—"

காரின் பெயரை எழுதினால் எனக்குத் தெரிந்த ஆண்கள் எல்லோரும் போன் எடுத்துச் சிலிண்டரைத் திருத்துவார்கள். எழுத மாட்டேன். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன கார், ஓடாத நிலையில் அழகமுத்துவின் கைக்கு வந்தது, அவர் ஓட வைத்தார். போதும்.

தொடக்கம் மூன்று: "பரிமளம் பெட்டியைக் கட்டினாள்."

இதுதான்.

5

பரிமளம் பெட்டியைக் கட்டினாள்.

(பெயர் நான் வைத்தது. உம்மா பார்த்த பெண்ணுக்குப் பெயர் இல்லை, பெட்டிதான் இருந்தது. ஆனால் அந்த வருடத்தில் தோட்டத்துப் பக்கமிருந்து தகரப்பெட்டியோடு கண்டிக்கு வருகிற ஒரு தமிழ்ப் பெண் எங்கே போகிறாள் என்று நான் இட்டுக்கட்டத் தேவையில்லை.)

வயது இருபத்து நான்கு. ஹுன்னஸ்கிரியவில் ஒரு தோட்டத்தின் பிள்ளைக் காம்பிராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகிற பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் அது. அப்பா கறுப்பையா. 1964இல் இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் உட்கார்ந்து தோட்டத்துத் தமிழர்களைப் பங்கு போட்டுக்கொண்டதில் அந்தக் குடும்பம் இந்தியாவின் பங்கில் விழுந்தது. பாஸ்போர்ட் வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை கண்டியில் கோச்சி ஏற வேண்டும்.

அழகமுத்து கண்டி டவுன் ஆள். பிரஜாவுரிமைப் பத்திரம் உள்ளவர். தோட்டத்து லொறியைப் பழுது பார்க்க மாதத்தில் இரண்டு தடவை வருவார். லொறி நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் பிள்ளைக் காம்பிரா. மூன்று வருடத்தில் அவர் பரிமளத்திடம் அதிகம் பேசியது கார்ப்புரேட்டரைப் பற்றி. அதையும் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள் என்றால் மற்றது உங்களுக்கு விளங்க வேண்டும்.

அவள் கோச்சி ஏறாமல் நின்றுகொண்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது காதல் கதை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். கையில் இந்தியப் பாஸ்போர்ட், கால் இலங்கை மண்ணில். கல்யாணத்தைப் பதிந்து மனுப் போடலாம், கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். போகாமல் நின்றவர்களைத் தேடிப் பிடித்து அனுப்பியதும் உண்டு. ஏறினாலோ, அழகமுத்துவை இனிப் பார்க்க முடியாது.

அழகமுத்துவிடம் ஒரு திட்டம் இருந்தது. போட்டியில் ஸ்போர்ட்ஸ் பிரிவில் ஜெயித்தால், நடத்துகிற கிளப்பின் கார் வேலை முழுதும் அவருடைய கராஜுக்கு வரும் என்று பேச்சு. அந்தத் தெம்போடு அன்றே கறுப்பையாவிடம் பெண் கேட்பது. சிவப்பு இருக்கையில் அவளை உட்கார வைத்துக் கூட்டிப்போவது.

இந்த இடத்தில் எனக்கு இந்த ஆள் மேல் சந்தேகம் வந்து இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. திங்கட்கிழமை கோச்சி. சீட்டும் திங்கட்கிழமை. என்ன நினைத்துக்கொண்டு இப்படி ஏற்பாடு செய்தார்? அவள் நிற்பாள் என்று அவ்வளவு நிச்சயமா, இல்லை வெறும் மக்குதானா? நிச்சயம் என்றால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? பிறகு என் பயிற்சிக் காருக்கு வேலை பார்த்த மெக்கானிக்குகளை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். கையால் ஒன்றைச் செய்துவிட்டால் வாயால் சொல்ல வேண்டியதில்லை என்று முழு மனதோடு நம்புகிறவர்கள். அழகமுத்துவை மன்னித்து, கதையில் வைத்துக்கொண்டேன்.

6

தோட்டத்தை விட்டுப் போகிறவர்கள் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்ல வேண்டும். "போயிட்டு வர்றோம்" என்றுதான் சொல்வது. திரும்பி வரப்போவதில்லை என்று இரண்டு பக்கத்துக்கும் தெரிந்தாலும். ஞாயிறு காலைக்குள் பரிமளம் லயங்களில் வரிசையாக இருந்த எல்லா வீடுகளுக்கும் சொல்லி முடித்துவிட்டாள். பாக்கி ஒருவர்.

போட்டி தோட்ட ரோட்டில். சனம் எல்லாம் பார்க்க வந்திருந்தது. பெட்டியைத் தன் காரில் கண்டி ஸ்டேசனில் சேர்ப்பதாக அழகமுத்து ஒப்புக்கொண்டிருந்ததால், கறுப்பையா அதைத் தலையில் தூக்கி வந்து ரோட்டோரத்தில் இறக்கினார். பரிமளம் கார் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள்.

"சீட்டு எங்க?"

"கழட்டிட்டேன். பாரம்."

அவள் பெட்டியைப் பார்த்தாள். காலியாக இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"பெட்டிக்கு அளவா எடம் இருக்கு," என்றாள். "எனக்குத்தான் இல்ல."

[இங்கே அழகமுத்து, "அது ஒனக்காகத்தான் தைக்கக் குடுத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. மூன்று தடவை அந்த வரியை எழுதினேன். மூன்று தடவையும் அது அவர் வாயில் ஒட்டவில்லை.]

அவருடைய கண்ணில் தண்ணீர் வந்தது. பெற்றோல் புகை என்று துடைத்துக்கொண்டார்.

"போயிட்டு வர்றேங்க," என்றாள் பரிமளம். திரும்பி நடந்தாள்.

அப்போது பொன்னுத்துரை வந்தார்.*

* பொன்னுத்துரை முழுக்க முழுக்க என் கற்பனை. கையில் விதிப் புத்தகம் உள்ள ஒரு ஆள் எனக்குத் தேவைப்பட்டது. பெரிய போட்டிகளில் டூரிங் கார்களுக்குள் பெட்டி வைத்துப் பார்க்கும் விதி இருந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறேன்; பக்கத்தில் ஆள் வேண்டும் என்பது நானே சேர்த்தது. எழுதுகிறவளுக்கு இவ்வளவு சலுகை உண்டு.

பொன்னுத்துரை யாழ்ப்பாணத்துக்காரர், ரோட்டு ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். கார்களைச் சோதித்துப் பிரிவு பிரிக்கிற வேலை அவருக்கு. காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அளவுநாடாவைப் பையில் போட்டார்.

"தம்பி, இது ஸ்போர்ட்ஸ் இல்லை."

"பாரமெல்லாம் கழட்டிட்டேங்க ஐயா. பாருங்க, சீட்டே இல்ல."

"சீற்றைக் கழட்டினால் கார் வேறை காராகுமோ? நிலையான கூரை. கண்ணாடி சுத்தி இறக்கிறது. பின்னாலை பெட்டி கட்டுற வார் கிடக்கு. இது தூரம் போறதுக்கெண்டு செய்த சாமான். டூரிங்கிலைதான் ஓடலாம்." புத்தகத்தைப் புரட்டினார். "டூரிங் எண்டால் பக்கத்திலை ஒரு ஆள் வேணும், பயணப் பெட்டி ஒண்டு வேணும். விதி பதினொண்டு. ரெண்டும் இல்லாட்டிக் காரை வெளியிலை எடும்."

பத்தடி தள்ளிப் போயிருந்த பரிமளம் நின்றாள்.

[ஏன் நின்றாள்? இதற்கு எனக்குப் பதில் தெரியும், இந்தக் கதையில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்று இதுதான். ஒரு மனிதரை அறிய வேண்டுமானால் அவருக்கு இடப்பக்கத்தில் உட்கார்ந்து, வளைவில் அவர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். எதிரே நின்று மூன்று வருடம் பேசினாலும் அது தெரியாது. மறுநாள் கோச்சியா இல்லையா என்று முடிவெடுக்க வேண்டிய ஒரு பெண் வேறு என்ன செய்வாள்?]

"பெட்டி இருக்கு," என்றாள். "ஆளும் இருக்கேன்."

பொன்னுத்துரை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எங்கை பிள்ளை இருக்கப்போறீர்? கதிரை இல்லையே."

"பெட்டி மேல."

அவர் மறுபடியும் விதி பதினொன்றைப் படித்தார். அடுத்த பக்கத்தையும் படித்தார். "ஆள் வேணும், பெட்டி வேணும் எண்டு கிடக்கு," என்றார் கடைசியில். "ஆள் பெட்டிக்கு மேலை இருக்கக்கூடாது எண்டு ஒரு இடமும் இல்லை. ஓம். ஏறும்."

சீட்டின் ஆணிகள் இருந்த துளைகளில் இழுவைக் கயிற்றைக் கோத்து அழகமுத்து பெட்டியை இறுக்கிக் கட்டினார். கறுப்பையா ஓடி வந்தார். "புள்ள, பெட்டி நசுங்கிரும்."

"நசுங்காதுப்பா," என்றாள்.

7

அன்று காலைப் பயிற்சி ஓட்டத்தில் அந்தக் கார் அழகமுத்துவின் மானத்தை வாங்கியிருந்தது. பாரத்தைச் சுமக்கவென்று வைத்த ஸ்பிரிங்கில் பாரம் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் பின்சில்லு துள்ளியது. இப்போது ஒரு ஆளும், ஒரு குடும்பத்தின் பாத்திரம் பண்டம் துணிமணியும் ஏறியதும் பின்பக்கம் ரோட்டில் படிந்தது. இதில் என் கற்பனை எதுவும் இல்லை, ஸ்பிரிங் அப்படித்தான்.

முதல் வளைவை அவர் கிழித்துக்கொண்டு எடுத்தார். அவள் கதவில் மோதினாள். இரண்டாவதில் வேகத்தை முன்கூட்டியே குறைத்து, வளைவை அகலமாக எடுத்து, வெளியே வரும்போது மிதித்தார். என் பயிற்சிக் காரில் இடப்பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. பரிமளத்துக்கு அது இல்லை, கூரையில் ஊன்றிய கைதான் இருந்தது. நான்காவது வளைவில் அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"காலையில துள்ளிச்சாமே. அம்புட்டுப் பேரும் சிரிச்சாங்க."

"ஆமா."

"இப்ப துள்ளல."

"நீ இருக்க இல்ல," என்றார் அழகமுத்து. ரோட்டைப் பார்த்தபடி, அடுத்த வளைவுக்கு முன் கிடைத்த கொஞ்சம் நேர்ப்பாதையில், வாய் திறந்து சொன்னார்: "சீட்டு திகனவுல இருக்கு. செவப்பு ரெக்சின் போடக் குடுத்திருக்கேன். ஒனக்குத்தான்."

"எப்ப வரும்?"

"திங்கக்கெழம."

இரண்டு வளைவு போனது.

"திங்கக்கெழம எனக்குக் கோச்சிங்க," என்றாள்.

தொழிற்சாலை மூலையில் வெள்ளைக்கோடு. கொடி இறங்கியது. நேரத்தை எழுத மாட்டேன். எழுதினால் ஜெயித்தாரா என்று கேட்பீர்கள். கோட்டைத் தாண்டியவர்கள் காரைத் திருப்பிக் கீழே வந்து கையொப்பம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டம் கணக்கில் வராது. அழகமுத்து பிரேக்கைத் தொடவில்லை. கார் தொழிற்சாலையைச் சுற்றி, தோட்டத்தின் மற்ற வாசல் வழியாகப் பெரிய ரோட்டில் இறங்கியது. கீழே பொன்னுத்துரை பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

கிளப் வேலை போயிற்று. அது அவருக்குத் தெரியும். அவர் தன் பக்கத்து முடிவை எடுத்துவிட்டார். இனி இருப்பது அவளுடைய முடிவு.

8

முடிவு அ. திகனக் கடைக்கு முன்னால் கார் மெதுவாகிறது. அவள், "நிக்க வேணாங்க," என்கிறாள். போகிற ஆளுக்குப் புது சீட் எதற்கு? திங்கள் காலை கண்டி ஸ்டேசனில் அவர் பெட்டியைத் தூக்கிக் கோச்சிக்குள் வைக்கிறார். கறுப்பையா நன்றி சொல்கிறார். அந்த சீட்டைப் பார்க்க அழகமுத்துவுக்குத் தெம்பில்லை. கராஜைக் கொடுத்துவிட்டு எங்கோ போய்விடுகிறார்.

முடிவு ஆ. திகனக் கடைக்கு முன்னால் கார் மெதுவாகிறது. அவள், "நிக்க வேணாங்க," என்கிறாள். நின்றால் நாலு பேர் பார்ப்பார்கள். ஒளிந்து வாழப்போகிற ஆள் வழியிலேயே முகம் காட்டக் கூடாது. திங்கள் காலை கறுப்பையா மகளில்லாமல் கோச்சி ஏறுகிறார். இவர்கள் வவுனியாப் பக்கம் போகிறார்கள். மலையிலிருந்து அங்கே போனவர்கள் ஏராளம். பத்திரம் இல்லாத மனைவியோடு திரும்பி வந்து சீட்டைக் கேட்க முடியுமா?

பாருங்கள், ஒரே வார்த்தைதான். உம்மா பார்த்த அந்தச் சில விநாடி இரண்டுக்கும் அச்சாகப் பொருந்துகிறது. எனக்குக் கோபமே வந்தது.

முடிவு இ. "ஐம்பத்து நான்கு வருடம் கழித்து, நரைத்த தலையோடு ஒரு பெண் திகனவில் பஸ்ஸை விட்டு இறங்கி—"

வேண்டாம். எழுத ரொம்ப ஆசையாக இருந்தது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

என் சீட்டை எடுக்கப் போன அன்று ஹிதாயாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். தைத்துக்கொண்டே கேட்டார். பொன்னுத்துரை பேசிய இடத்தில் சிரித்தார். கடைசியில் எந்த முடிவு நல்லது என்று கேட்டேன். எது என்றாலும் அதைப் போட்டுவிடுவதாக இருந்தேன்.

மெசினை நிறுத்தினார். "ரெண்டும் நல்லாத்தான் ஈக்குது டீச்சர். ஆனா அந்த முடிவு ஒங்கட சொந்தமா?"

9

"கோட்டில் நிற்பது ஸ்போர்ட்ஸ் கார், கோட்டைத் தாண்டிப் போவது கிராண்ட் டூரர், கதையும் அப்படித்தான்—"

இப்படி ஒரு கடைசிப் பத்தி எழுதி வைத்திருந்தேன். பத்திரிகைத் தம்பிக்குப் பிடித்திருக்கும். அடித்துவிட்டேன். ஹிதாயா கேட்டதற்கு அதில் பதில் இல்லை.

அந்த சீட்டில் நான் ஒரு தடவை தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கென்று தைத்த இடத்தில் அவளுக்கு முன்னால் நான். அதற்கே எனக்கு இன்னும் வெட்கம் தீரவில்லை. அவள் எடுத்த முடிவை அவளுக்குப் பதிலாக நான் எடுத்தால், தெரிந்துகொண்டே இரண்டாவது தடவை உட்கார்கிற மாதிரி. மாட்டேன்.

ஆகவே இந்தக் கதையின் முடிவை உங்களிடம் கொடுத்து வைக்கிறேன். விருப்பம்போல் நிரப்பிக்கொள்ளுங்கள் என்று அர்த்தமில்லை. அமானிதமாகக் கொடுக்கிறேன். அ என்றும் ஆ என்றும் நீங்களாக முடித்துவிடாதீர்கள். துணி போர்த்தி வையுங்கள்.

வவுனியாவிலோ, கோத்தகிரியிலோ, வேறு எங்கோ, "எங்கம்மா ஒரு தடவை பெட்டி மேல உக்காந்து கார்ல வந்தாங்களாம்" என்று யாராவது பேச்சுவாக்கில் சொல்லக் கேட்டால், அவர்களிடம் சொல்லுங்கள். திகனவில் ஹிதாயாவின் குஷன் கடை. சீட் தைத்து முடிந்து தயாராக இருக்கிறது. ஓரத்தில் கொஞ்சம் உருகியிருக்கிறது, அதற்குக் கடைக்காரர் மன்னிப்புக் கேட்கிறார். சோக்கில் எழுதிய பெயர் அழியவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் கடை பூட்டு. திங்கட்கிழமை திறந்திருக்கும்.